ஆடி மேகமும் ஈரத் துணியும்

கோவைக்குப் பக்கத்தில், பெரியநாயக்கன்பாளையத்தில், ஆடி மாதத்து மேகத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. மேற்கே மலை மறைகிற அளவுக்குக் கறுத்து வரும். காற்று தகரக் கூரைகளைத் தட்டும். முகத்தில் நாலு தூறல் விழும். அவ்வளவுதான். மழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து முடிந்திருக்கும். கொடியில் துணி கிடந்தால் கிடக்கும். வெயிலைவிட அந்தக் காற்றில் சீக்கிரம் காயும்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. பதவி உயர்வில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் போனாள். நான் பத்திரிகை வேலையில் இங்கேயே இருந்தேன். அங்கே அவளுடைய முதல் ஐப்பசியில், வானம் கறுத்த பிறகும் இந்த ஊர் நினைப்பில் துணியைக் கொடியிலேயே விட்டிருக்கிறாள். கடலிலிருந்து வந்த மழை மறுநாளும் விடவில்லை.

"பக்கத்து ஊட்டுக்காரங்க சிரிச்சுப்போட்டாங்க," என்று போனில் சொன்னாள். "இங்க மேகம்னா மழைதானுங்க."

கார்த்திகையில் பீரோவுக்குள் புடவை பூசணம் பிடிப்பதையும், கோடையில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியை அரிப்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் அவை புகார்களாக இருந்தன. அப்புறம் வெறும் செய்திகள்.

இந்த வருடமும் கோவைக்கே மாறுதல் கேட்க வழி இருந்தது. கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆடியில் விடுப்பு எடுத்து வந்தவள், ஊருக்குத் திரும்பும் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் துணி துவைத்துக் காயப்போட்டாள். சாப்பிட உட்கார்ந்ததும் மேற்கே கறுத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து மாடிக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"வெறும் காத்து, அம்மணி. விடு."

"கொட்டிப்போடுமுங்க."

"கடக்கரைக்காரியே ஆயிட்டே போ."

சிரித்தாள். கை நிற்கவில்லை. சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் அள்ளிவந்து நாற்காலிகளின் மேல் விரித்தாள். கடைசித் துண்டை நீவிக்கொண்டே, "இந்த வருசமும் மாறுதலுக்கு எழுதிக் குடுக்கலீங்க," என்றாள். "அங்க பழகிப்போச்சு."

"சரி," என்றேன்.

மழை வரவில்லை.

சாயங்காலம் காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். தன் துணிகளை ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போயிருந்தாள். நாற்காலிகளில் என் சட்டைகள் மட்டும் கிடந்தன. மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.