மூக்கில் பூசிய சேறு

பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். அக்காவுக்குப் பத்து வயது. அவளுக்கு என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. தம்பிக்கு ஆறு, மற்றதை மறந்திருந்தாலும் அவன் தன் மூக்கை மறந்திருக்க மாட்டான். எனக்கும் கோபம்தான். உங்கள் மேல் இல்லை. எதன் மேல் என்று பேசினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆண்டிறுதி லீவு தொடங்கியபோது உங்கள் டியூசன் வகுப்பின் வாட்சாப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘திரையில்லாக் குளிர்கால உலா’ என்று தலைப்பு. கழுத்தில் சிவப்புத் துண்டு சுற்றிய பனிமனிதன் படம் வேறு. மலேசியாவில் நமக்கு ஏது குளிர்காலம்? டிசம்பரில் மழை பெய்யும், துணி காயாது, கிள்ளானில் பாதிச் சாலையில் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அதில் எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. கைப்பேசி இல்லாமல் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிப் போங்கள். போய் வந்த பிள்ளைகளுக்கு மேடையில் நற்சான்றிதழ் என்று இருந்தது.

நான் அதை அப்படியே நம்பினேன். உங்கள் அம்மா இரண்டு கைப்பேசிகளையும் அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். “இதுக்குள்ள உங்க அப்பா கை வைக்கவே மாட்டாரு. ஒரு நாளாச்சும் சோறாக்கியிருந்தாத்தானே” என்று சந்தடி சாக்கில் எனக்கு ஒரு குத்தும் விட்டாள்.

பண்டமாரானில் நம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், நான் தினமும் லோரியில் கடந்து போகிற பழைய படகுத்துறைக்குப் போனோம். தண்ணீர் வற்றியிருந்தது. மரப்படிகள் சேற்றில் போய் முடிகிற இடத்தில் அகலமான ஒரு பலகை உண்டு. அதில் நீங்கள் குப்புறப் படுத்தீர்கள். தூறலுக்கு நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே சேற்றில் நடக்கிற மீன்கள். தலைக்கு மேல் கண்களை வைத்துக்கொண்டு, முன்துடுப்பைக் கை மாதிரி ஊன்றி ஊன்றி நடந்தன. முதுகுத் துடுப்பு கிழிந்த ஒன்று மட்டும் மற்றதையெல்லாம் துரத்திக்கொண்டே இருந்தது.

“அப்பா, அது போலீஸ்காரரு!” என்றான் தம்பி. படுத்தபடியே அதற்கு ஒரு சலாம் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ்காரர் வாலை ஒரு அடி அடித்தார். ஒரு சொட்டுச் சேறு நேராகத் தம்பியின் மூக்கில். அக்கா சிரித்த சிரிப்பில் பலகையே ஆடியது. தம்பிக்கும் சிரிப்பு நிற்கவில்லை, விக்கலே வந்துவிட்டது. மழை வலுத்ததும் பக்கத்து ஒட்டுக்கடையின் தகரக் கூரைக்கு ஓடினோம். கடைக்காரர் தம்பியைப் பார்த்துவிட்டு, “என்னா பாஸ், இவன் மீன் பிடிச்சானா, மீனு இவனப் பிடிச்சுதா?” என்று கேட்டார். பொரித்த வாழைப்பழமும் சூடான தேநீருமாக மழை விடும்வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் எதையும் படம் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மறுநாள் குழுவில் டீச்சர் கேட்டார்: உங்கள் படங்கள் இன்னும் வரவில்லையே? நான் போன் செய்தேன்.

“டீச்சர், நாங்க போயிட்டு வந்துட்டோம். போன வீட்டுலயே வச்சிட்டுத்தான் போனோம்.”

“ஐயோ அண்ணே, படம் எடுக்கலயா? கீழ போட்டிருந்தோமே, படம் அனுப்பணும்னு.”

“மேல, போன் இல்லாமப் போங்கன்னு போட்டிருந்தீங்களே டீச்சர்.”

அவர் சிரித்துவிட்டார். “அது பிள்ளைங்களுக்கு. பேரண்ட்ஸ் எடுக்கலாம்லா. இல்லன்னா யாரு போனாங்க, யாரு போகலன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“பிள்ளைங்களக் கேளுங்க.”

“எல்லாப் பிள்ளையும் போனேன்னுதான் அண்ணே சொல்லும்.”

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. தம்பியை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தவர் அவர்தான். ஆனால் பிள்ளையின் வாய் பொய், கைப்பேசி மட்டும்தான் மெய் என்றால், எதற்காகப் பிள்ளையைத் திரையிலிருந்து பிரிக்கப் பார்க்கிறோம்? கண்ணால் பார்த்து, மூக்கில் வாங்கிக்கொண்டு வந்தவன் சொல்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை! பெரியவர்கள் நாம் நாள் முழுக்க அந்தக் கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்போம், பிள்ளை அதன் முன்னால் திரையில்லாமல் இருப்பதுபோல் நடிக்க வேண்டும். இதற்கு ஒரு பனிமனிதன் வேறு.

அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “பரவால்லப்பா, நாளைக்குத் திரும்பப் போலாம். நேத்துச் சிரிச்ச மாதிரியே சிரிச்சிடலாம்” என்றாள்.

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. போனோம். இந்த முறை கைப்பேசி என் சட்டைப் பையில். கடல் ஏறியிருந்தது. அந்தப் பலகை தண்ணீருக்குள் இருந்தது. மீனும் இல்லை, சேறும் இல்லை. அக்கா சாலையோரம் போய் ஒரு கை சேறு அள்ளி வந்து தம்பியின் மூக்கில் அப்பினாள்.

“சிரிடா.”

“நாறுதுக்கா.”

“அன்னிக்குச் சிரிச்சல்ல? அதே மாதிரி சிரி!”

“அன்னிக்கு மீனு இருந்துச்சு.”

“விடும்மா, அழுவுறான் பாரு” என்றாள் அம்மா.

“அழுவாதடா, சேறு கரைஞ்சிடும்!”

கைப்பேசியைத் தூக்கினேன். திரையில் தம்பியின் முகம் தெரிந்தது. பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு படம் விழுந்துவிட்டது. கையை இறக்கிவிட்டேன்.

“அதையாச்சும் அனுப்புங்கப்பா” என்றாள் அக்கா.

“அனுப்ப மாட்டேன்.”

“அப்போ எனக்கு சர்டிபிகேட் கிடைக்காது!”

“கிடைக்காதும்மா.”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்துவிட்டாள்.

சான்றிதழ் கொடுக்கிற நிகழ்ச்சிக்குப் போனோம். மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். திரையில்லா உலாவைத் திரையில்தான் பார்க்க வேண்டுமாம். முதல் பரிசு, கோலாலம்பூரில் ஏதோ ஒரு மாலில் சோப்பு நுரையைப் பனி என்று கொட்டுகிற இடத்துக்குப் போன குடும்பத்துக்கு. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் படத்தில், பின்னால் நின்ற கூட்டம் முழுக்கக் கைகளைத் தூக்கிக் கைப்பேசி பிடித்திருந்தது. நுரையை நேராகப் பார்க்கிற ஒரு கண்ணைக்கூட அந்தப் படத்தில் நான் காணவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கூப்பிட்டார்கள். உங்கள் பெயர்களைக் கூப்பிடவில்லை. அக்கா எல்லாருக்கும் கை தட்டினாள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பும்போது காரில் தம்பி கேட்டான்: “அப்பா, அப்போ நாம போகலயா?”

“போனோம்டா.”

“படம் எங்க?” என்றாள் அக்கா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் மூக்கின்மேலேயே சந்தேகம் வர வைத்துவிட்டார்களே! அந்த மீனை அவன் பார்த்தான். அது அவனையும் பார்த்தது. மேடையில் யாரும் சொல்லவில்லை என்பதற்காக அது நடக்காமல் போய்விடுமா? அக்காவின் சான்றிதழ் என்னால்தான் போனது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் அழுகைக்கு ‘மகிழ்ச்சி’ என்று பெயர் போட்டு அனுப்ப என்னால் முடியாது. நாளைக்குக் கேட்டாலும் முடியாது.

இரண்டு நாள் கழித்துத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டு வரும்போது தண்ணீர் வற்றியிருப்பதைப் பார்த்தேன். லோரியை ஓரம் கட்டினேன். கைப்பேசியை இருக்கையிலேயே போட்டுவிட்டு, படி இறங்கிப் போய், வேலைச் சட்டையோடு அந்த ஈரப் பலகையில் குப்புறப் படுத்தேன். ஒட்டுக்கடைக்காரர் மேலிருந்து, “பாஸ், உடம்பு சரியில்லயா?” என்று கத்தினார். கையை மட்டும் ஆட்டினேன். சின்னதும் பெரியதுமாய் நாலைந்து மீன்கள் வந்து போயின. கொஞ்ச நேரம் கழித்துப் பொந்துக்குள்ளிருந்து முதலில் இரண்டு கண்கள், அப்புறம் முதுகில் அந்தக் கிழிந்த துடுப்பு. வெளியே வந்த வேகத்தில் பக்கத்தில் இருந்ததைத் துரத்தினார்.

படுத்தபடியே அவருக்கு ஒரு சலாம் வைத்தேன்.