அணுவைத் தடவிய காலம்

நுண்காட்டி வேலை என்றால் கண்ணை வைத்துப் பார்க்கிற வேலை என்று நினைப்பார்கள். எங்களுடையது தடவுகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத கூர்முனை ஒன்று பொருளின்மேல் வரிவரியாக ஊர்ந்து, அதன் மேடுபள்ளத்தைக் கணினித் திரையில் படமாக்கும். யாராவது கதவை அடித்துச் சாத்தினாலே படம் கெட்டுவிடும். யுத்த காலத்தில் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அந்தக் கருவியை நான் ஓட்டினேன். இதே கருவியோடு மல்லுக்கட்டியவர்கள் இருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

நாலு ட்யூப்

தெருவில் பஸ் போனால் எங்கள் படம் அலையடித்தது. அதிர்வைத் தடுக்கிற மேசை வாங்க வழியில்லை. கருங்கல் பலகையொன்றை ரப்பரில் தொங்கவிட்டு, கருவியை அதன்மேல் வைக்கலாம் என்றார் பொறுப்பாளர் கலாநிதி விஜித. மருதானையில் பைக் சாமான் விற்கிற முஸ்லிம் அண்ணர், நானா என்று கூப்பிடுகிறவர், அவரிடம் போய் நாலு ட்யூப் கேட்டேன். எந்த பைக்குக்கு என்றார். கல் தொங்கவிட என்றேன். எவ்வளவு பாரம் என்று விசாரித்துவிட்டு, அவரே கூட வந்து முடிச்சுப் போட்டுத் தந்தார்.

அன்று பின்னேரம் முதல்முறையாகக் கிராபைட்டின் அணுக்கள் வரிசையாகத் தெரிந்தன, பென்சிலுக்குள் இருக்கிற அதே கரி. நானா கனநேரம் திரையைப் பார்த்தார்.

“இதப் பாக்கவா தம்பி இவ்வளவு பாடுபட்டீங்க? நல்லாத்தான் ஈக்கிது.”

பெட்டிக்குள் என்ன

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் புது முனைகள் பத்தைச் சின்னப் பெட்டியில் கொண்டுவந்து, வெள்ளவத்தையில் என் அறையில் தந்தார். மறுநாள் காலை வேலைக்குப் போகையில் செக்பொயின்ற்றில் பஸ்ஸை மறித்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பெட்டியில் என்ன என்று ஆமிக்காரர் கேட்டார். ஊசி என்றேன். திறந்தார்; ஊசியைக் காணவில்லை. அது கண்ணுக்குத் தெரியாது என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னதுதான் பிழையாய்ப் போயிற்று.

பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் பொழுதுபடும்வரை இருந்தேன். இனி எங்கே கொண்டுபோவார்களோ என்றுதான் யோசனை. கடைசியில் விஜித கடிதத்தோடு வந்து, கையெழுத்துப் போட்டு என்னை எடுத்தார். ஆமிக்காரர் விரலால் கிளறிப் பார்த்ததில் எட்டு முனைகள் உடைந்திருந்தன. காரில் ஏறியதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்:

“முனை திரும்ப எடுக்கலாம். இனிமேல் பெட்டியை நான் கொண்டுவாறன்.”

படத்தில் ஒரு கோடு

தர்சினி கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த பிள்ளை, ஆய்வு மாணவி. ரப்பர் பாலில் செய்த மெல்லிய படலமொன்றைப் படமெடுக்க வந்திருந்தாள். பாதியில் முனை ஒருதரம் துள்ளியது. திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பிறகுதான் சத்தம் கேட்டது. கொழும்புக் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது என்றார்கள். அவளுடைய அப்பாவுக்குக் கோட்டையில் ஒரு கந்தோரில்தான் வேலை.

திரும்பத் திரும்ப போன் எடுத்தாள், லைன் கிடைக்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கருவியை நிறுத்தவும் தோன்றவில்லை. மிச்சப் படமும் வரிவரியாக வந்து முடிந்தது. இரண்டு மணிநேரம் கழித்து அப்பாவே கதைத்தார். தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்தாராம். பக்கத்து மேசைக்காரர் தப்பவில்லை.

அவள் வேறு படம் எடுக்கவில்லை. ஆய்வேட்டில் அதையே போட்டாள். பரிசோதகர் அந்தக் கோட்டில் விரலை வைத்து, பிழை படலத்திலா கருவியிலா என்று கேட்டார்.

“ரெண்டிலயும் பிழை இல்லை, சேர். அண்டைக்கு அவ்வளவு தூரம் அதிர்ந்தது.”

இவ்வளவும் பட்டு நான் கண்டது, அணுவைப் பார்க்க நல்ல கருவி மட்டும் போதாது, ஊரும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவேண்டும் என்பதுதான்.