மெதுவாகச் சாத்திய கதவு

என் சகலை கார் வாங்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை. மனைவியின் தங்கை கணவர் அவர், என்னைவிட ஆறு வயது சின்னவர், அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. இரண்டு பேரிடம் ஓடி முடிந்த பழைய கார்தான். அதனால் என்ன, கார் கார்தானே! நான் ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலையில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். வீட்டுக்கு வர ஒரு ஸ்கூட்டர்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு காதுகுத்து. எங்களை அழைத்துப்போக குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தார். "சித்தப்பா கார்!" என்று கத்திக்கொண்டு என் எட்டு வயது மகள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினாள். என் ஸ்கூட்டரைப் பார்த்து ஒருநாளும் அவள் அப்படி ஓடியதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். எங்கள் தொழிற்சாலையில் கதவு என்றால் கனத்த இரும்பு, உடம்பையே கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். பழகிய கை அதே வேகத்தில் இழுத்துவிட்டது. கார் குலுங்கியது.

"மெல்ல சகல, மெல்ல! இது இன்னா டாங்கியா? பிரிட்ஜ் கதவு கணக்கா சாத்தணும்."

பின்னால் என் மனைவியும் அவள் தங்கையும் சிரித்தார்கள். என் மகள்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தாள். போதாததற்கு, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று நான் தடவிக்கொண்டிருக்க, அவரே எட்டி இழுத்து எல்.கே.ஜி. பிள்ளைக்கு மாட்டுவது போல மாட்டிவிட்டார்.

பருத்திப்பட்டில் பழம் வாங்க நிறுத்தினோம். நானும் மகளும் இறங்கினோம். அவள் திரும்ப ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சகலை சுற்றி வந்தார். புது சீட் கவருக்கு அடியில் பெல்ட்டின் கொக்கி புதைந்து கிடந்தது. கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்து அவளுக்கு மாட்டினார்.

"பின் சீட்டுக்குமா? பிளேன்லயா போறோம்?" என்றேன்.

"கொயந்த சகல. இருக்கட்டும்."

என் குழந்தை, ஆனால் அக்கறை அவருக்கு! அவர் ஓட்டுகிற இடத்துக்குப் போனதும், மகள் பக்கத்துக் கதவை ஒற்றை விரலால் தொட்டுத் தள்ளினேன். சத்தமே வரவில்லை. "போதுமா சகல?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

கார் கிளம்பியதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். சகலை வண்டி ஓட்டக் கற்று ஒரு மாதம்தான். சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது என்னவென்று கேட்டால் அதற்கும் ஒரு பாடம் எடுப்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

சென்னீர்க்குப்பம் தாண்டி வலப்பக்கம் திரும்பினார். பின்னால் மனைவி அலறினாள். கதவு விரியத் திறந்திருந்தது. அதில் சாய்ந்திருந்த மகள் இடுப்புக்கு மேல் வெளியே தொங்கினாள். ஒரு செருப்பு சாலையில் போய் விழுந்தது. பெல்ட் மட்டும் அவளை விடவில்லை.

சகலை நிறுத்தினார், ஓடி வந்தார், பெல்ட்டைக் கழற்றித் தூக்கினார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சொன்னால் கேவலம், அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"தப்பு என்னுதுதான்" என்றார். "பழைய வண்டி. லாக்கு தேஞ்சிபோய்க் கீது போல. நான் பாத்திருக்கணும்."

"இனிமே என் புள்ளய இந்த வண்டியில ஏத்த மாட்டேன்" என்றாள் மனைவி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சிவப்பு விளக்கு எதற்கென்று எனக்கு இப்போது புரிந்தது. லாக்கில் ஒரு குறையும் இல்லை என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். சாலையில் கிடந்த செருப்பை எடுத்து வருகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

அடுத்த மாதம் காரை விற்றுவிட்டார். பிள்ளைகள் ஏறுகிற வண்டி, கதவை நம்ப முடியவில்லை என்றாராம். மனைவி வந்து சொன்னபோது "அடப்பாவமே" என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.