டார்ச்சை வாங்கிக்கொண்டவர்

கேமராக்காரன் கதை கட்டுவான் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது போன பங்குனி அமாவாசை அன்று, கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் எனக்கு நடந்தது. கூட இருந்தவர் என் தங்கை கணவர் கோகுல்நாத். சேந்தமங்கலத்தில்தான் இருக்கிறார். போய்க் கேட்டால் பேச்சை மாற்றுவார். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள், போதும்.

நான் கல்யாணப் போட்டோகிராபர். பதினோரு வருஷமாக ஒரே டிஜிட்டல் எஸ்எல்ஆர். வெளிச்சத்தில் ராஜா. இருட்டில் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றினால் படம் முழுக்க ரவையைக் கொட்டினது மாதிரி ஆகிவிடும். அதனால் இரவுப் படத்துக்கென்றே ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குவதாக முடிவு. லென்ஸில்தான் குழப்பம். பதினான்கு எம்எம் வைடா, ஐம்பது எம்எம் 1.4-ஆ? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு எவன் பேச்சிலும் நம்பிக்கை கிடையாது. கேமராவையும் இரண்டு லென்ஸையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டேன்.

தங்கை சத்யாவுக்கு அப்போது எட்டாம் மாதம். "அவரை இருட்டுல தனியா உட்றாதீங்கண்ணா" என்றாள். "நான் இருக்கறேன்ல" என்றேன். பெரிய இவன் மாதிரி.

பாறை முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 1.40. பகலிலேயே வந்து இடம் பார்த்திருக்க வேண்டும். இரவுப் படம் எடுக்கிற எவனும் முதலில் செய்கிற வேலை அது. நான் செய்யவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

வைட் லென்ஸில் நாலு படம் எடுத்தேன். பரவாயில்லை. 2.10-க்கு ஐம்பதை மாட்டினேன். மஞ்சு மூட்டம் வந்து வந்து போனது. திரையில் ஒரு நட்சத்திரமும் பிடிபடவில்லை. ஃபோகஸ் வைக்க ஒரு வெளிச்சம் வேண்டும்.

"மாப்ள, டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு எதுத்தாப்ல போய் நில்லுங்க."

"இங்க நின்னா போதுங்களா மச்சான்?"

"நான் சொல்ற வரைக்கும் பின்னாடி போங்க."

குனிந்து திரையைப் பார்த்தேன். வெளிச்சப் புள்ளி தெரிந்தது. வளையத்தைத் திருப்பிக் கூர்மையாக்கினேன். லென்ஸின் அளவுகோல் மூன்று மீட்டர் காட்டியது. நட்சத்திரத்துக்கு இது போதாது. வெளிச்சம் தூரத்தில் இருக்க வேண்டும்.

"பின்னாடி."

புள்ளி விலகியது. மறுபடி திருப்பினேன். பத்து மீட்டர்.

"இன்னும் பின்னாடி."

விலகியது. ஒன்று மட்டும் உறுத்தியது. நடக்கிற ஆள் கையில் டார்ச் ஆடும். இது ஆடவில்லை. சருகுச் சத்தமும் இல்லை. ஆள் நிதானமாகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும்..."

மணி 2.19. அளவுகோல் கடைசிக் குறிக்கு வந்துவிட்டது. படம் சரியாக வரும் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

டப்.

"குளுருதுங்க மச்சான். சொட்டர் எடுக்கப் போனேன்."

கோகுல்நாத்தின் குரல்.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"டார்ச் எங்கீங்க மாப்ள?"

"அந்தாளு வாங்கிக்கிட்டாருங்களே. நா புடிச்சுக்கறேன்னு. நீங்க வரச்சொன்ன ஆளுன்னு நெனச்சேன்."

நான் யாரையும் வரச்சொல்லவில்லை.

எதிரே வெளிச்சம் அப்படியே நின்றது. அசையாமல்... அடுத்து நான் என்ன சொல்வேன் என்று காத்துக்கொண்டு...

2.21.

2.22.

கோகுல்நாத் என் கையைப் பிடித்தார். ஐஸாக இருந்தது.

எப்படியோ சொன்னேன்.

"போதுங்க..."

அணைந்தது.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள்ளேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். 6.10-க்கு கேமராவோடு ட்ரைபாடை எடுக்கப் போனேன். அது நின்ற இடத்திலிருந்து பாறை எட்டு மீட்டர்கூட இல்லை. அதற்கப்புறம் பள்ளம். கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. பத்து மீட்டரில் நான் ஃபோகஸ் வைத்த வெளிச்சம் எதன்மேல் நின்றது? அதற்குப் பிறகும் இரண்டு தடவை பின்னாடி போகச் சொல்லியிருக்கிறேன். டார்ச்சைத் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

திரும்புகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை. கடைக்காரர் ராசு, எங்கே போய் வந்தோம் என்று தெரிந்ததும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"போன வருசம் தையில கல்யாண ஜோடியப் படம் புடிக்க வந்தாங்க. லைட் புடிச்சவரு அர்த்தனாரின்னு, அம்பது வயசு இருக்கும். படம் புடிச்சவரு பொட்டியில கண்ண வெச்சுக்கிட்டு பின்னாடி போ, பின்னாடி போன்னாராம். ஆளு உளுந்ததுக்கப்புறமும் ஒருக்கா சொன்னாராமுங்க."

டீயைக் குடிக்காமல் காரில் ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். அடிவாரத்தில், காரவள்ளியில் கோகுல்நாத் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"மச்சான், டார்ச்ச வாங்கும்போது அவரு இன்னொண்ணும் சொன்னாருங்க."

"என்னன்னு?"

"நீங்க போங்க, அவரு ஆளைப் பாக்க மாட்டாரு, லைட்டைத்தான் பாப்பாருன்னு."