ஆள் தெரிகிற மாதம்

என் கொழுந்தனார் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு தூக்கமே போய்விட்டது. குழந்தையை மடியில் வைத்தாலே "என்னால இதுக்கு எதனா ஆயிடும்" என்று அழுவாள். அவளுக்கு அம்மா இல்லை. கொழுந்தனார் அவளைப் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே தங்கினார். நாலு மாதக் குழந்தை செஞ்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளை எப்படித் தூக்குவது என்றுகூட எனக்குத் தெரியாது. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"பாய்ல குப்புறப் போடுங்க, தலைய தூக்கட்டும். கைக்குக் கொஞ்சம் எட்டாத மாதிரி எதனா வைங்க. பேசிக்கினே இருங்க, அதான் முக்கியம்."

கைக்குழந்தையிடம் பேச என்ன இருக்கிறது? வெங்காயம் உரிப்பதைச் சொன்னேன். கரண்ட் போனதைச் சொன்னேன். அவள் என் வாயையே பார்ப்பாள். நான் நிறுத்தினால் "ஙூ" என்பாள். "அப்படியா?" என்பேன். மறுபடி "ஙூ."

கவிழ்ந்துகொள்ளப் பழகியபோது ஒரு கை வயிற்றுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், கத்துவாள். உடனே எடுத்துவிடாதீங்க என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளாகவே கையை உருவிக்கொண்ட அன்று நான்தான் அழுதேன். பிறகு தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கேழ்வரகுக் கஞ்சி குடித்தாள். மதிலில் குரங்கு வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள். போனில் அவள் அம்மாவைக் காட்டுவேன். இவள் போனை நக்கப் பார்ப்பாள்.

ஏழாம் மாதம் அவள் அம்மா தேறி வந்தாள். செருப்பைக் கழற்றியதும் கையை நீட்டினாள். குழந்தை வீல் என்று கத்தி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அக்கா, அவளுக்கு என்னத் தெரியல."

நர்ஸம்மா வந்து பார்த்தாள். "நல்லதுதாம்மா. இந்த மாசத்துலதான் ஆள் தெரியும். வேத்து முகம் பாத்தா அழத்தான் செய்யும்."

வேத்து முகம் என்றதும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நர்ஸம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு, குழந்தையை என் மடியில் வைத்துக்கொள்வேன். அவள் எதிரில் உட்கார்ந்து, தொடாமல், கரண்டியை மட்டும் உருட்டிவிடுவாள். சில நாளில் குழந்தை அவள் கையால் கஞ்சி வாங்கிக்கொண்டது. ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் திரும்பி என்னைப் பார்க்கும்.

"அக்கா," என்றாள் தலை குனிந்தபடி. "நீங்க இருந்தா அவ உங்களதான் பாக்கறா."

"சரிம்மா" என்றேன். அவள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை.

காலையில் சமைத்து வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரின் மாட்டுத்தீவனக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். மூட்டை மேல் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

"குழந்த உன்னத் தேடி அழுவும்" என்றார் அவர்.

"அழுவுதுதான்."

"அப்ப போயி தூக்கேன்."

"தூக்கக் கூடாது."

அவர் புண்ணாக்கை நிறுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். குழந்தை அம்மாவின் மார் மேல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள். நான் உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கல் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கொழுந்தனாருக்குப் பாண்டிச்சேரியிலேயே வேலை கிடைத்தது. பஸ் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான்க்கா" என்றாள். குழந்தை பஸ்ஸின் ஹாரன் சத்தத்தைத் தேடித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

இப்போது போனில்தான் பார்க்கிறேன். கட்டிலைப் பிடித்து நிற்கிறாள். "பெரியம்மாடி" என்று அவள் அம்மா சொல்வாள். குழந்தை ஒரு கணம் பார்த்துவிட்டு அம்மாவின் தாலிக்கயிற்றை இழுக்கப் போய்விடும். அவள் அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

போனை வைத்ததும், "இன்னா சொன்னாங்க?" என்பார் என் வீட்டுக்காரர்.

"நிக்கிறா" என்பேன்.