எமிலியானுஸின் கூரை விசிறி

முப்பது வருடம் கடலுக்குப் போன எமிலியானுஸ், முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு, வள்ளத்தை விற்று ஒரு பழைய வான் வண்டி வாங்கினார். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கூரையில் வெக்கையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி. பறவை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் அதிலேயே தங்கலாம். முதலில் வந்த இருவர், விசிறி சுற்றவில்லை என்று மறுநாளே மூட்டை கட்டிவிட்டார்கள். அடுத்தவர்கள் இன்று நாலு மணிக்கு வருகிறார்கள். இவர்களும் போனால், கொழும்பிலிருந்து ஆள் அனுப்புகிறவர் இனி அனுப்பமாட்டார். அந்த முதுகோடு யாருடைய வள்ளத்திலாவது வலை இழுக்கத்தான் போகவேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு, காலையிலிருந்து நானும் அவரோடு வான் கூரையில் வெந்தேன். பியூஸ் நல்லது. சுவிட்ச் நல்லது. விசிறியைக் கழற்றிப் பற்றறியில் நேரே கொடுத்தால் பேய் பிடித்த மாதிரிச் சுற்றியது. திரும்பக் கூரையில் பூட்டினால் அசையவில்லை. மூன்று தரம் கழற்றி, மூன்று தரம் பூட்டினோம். எனக்கு எரிச்சல் வந்தது. அவருக்கு எரிச்சல்படவும் தெம்பில்லை.

“விடு தம்பி. எனக்குக் கடல்தான் எண்டு எழுதியிருக்கு.”

சாப்பிடக் கூப்பிட வந்த அவர் மனைவி பெற்றிசியா அக்கா எட்டிப் பார்த்தார். “இந்தக் கறுப்பு வயர் எங்க போகுது?”

“கூரைத் தகரத்துக்கு. திருகாணி போட்டுப் பூட்டியிருக்கு.”

“அதுக்கும் பெயின்ற் அடிச்சனீங்களோ?”

“ஓம். முதல் வந்த ஆக்கள் வாறதுக்கு முந்தின நாள் கழட்டி, அடியிலயும் மேலயும் ரெண்டு தரம் அடிச்சனான். உப்புக் காத்தெல்லே.”

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஃபைபர் வள்ளத்தில் கரண்ட் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர். ஆணிகளுக்கு எவ்வளவு பெயின்றும் அடிக்கலாம். வானிலோ கரண்ட் திரும்புவது தகரம் வழியாக. அந்த வழியைத்தான் மனுஷன் பூசி அடைத்திருக்கிறார். தகரம் பளபளக்கும்வரை கத்தியால் சுரண்டிப் பூட்டினேன். விசிறி சுற்றியது.

“காத்து வருதோ எண்டு பாக்கிறன்,” என்று அவர் கட்டிலில் சாய்ந்தார். அப்படியே தூங்கிப்போனார்.

சொன்ன நேரத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பைகளோடு வந்து நின்றது. எழுப்பப் போன அக்கா, எழுப்பாமல் திரும்பி வந்தார்.

“வானை வாங்கின நாளில இருந்து இந்த மனுசன் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்ல,” என்றார் என்னிடம். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தப் பெண் வானுக்குள் தலையை நீட்டினாள். மேலே விசிறியைப் பார்த்தாள். கீழே வாய் பிளந்து தூங்கும் எமிலியானுஸைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு, அக்கா போட்ட கதிரையில் உட்கார்ந்தாள்.