திருப்புளியைக் காதில் வைக்கும் மனிதர்

ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியருக்குப் பெண்டாட்டியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். லீவும் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. வேலை முடிந்து வீட்டோடு வந்துவிட்ட புருஷனோடு அல்லாடும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் அந்தோணி, அந்தமானில் தீவுக்குத் தீவு ஆள் ஏற்றிப் போகும் கப்பலில் முப்பது வருஷம் இயந்திர அறைக்குள்ளேயே கிடந்தவர். இப்போது குடவாசலில் என் உயிரை எடுக்கிறார். மகள் ஸ்டெல்லாவுக்கு இருபத்தொன்பது வயது. அவளுக்கு ஒரு வரன் அமைய வேண்டும், இந்த மனிதர் விட்டால்தானே?

பூசையில்

இயந்திர இரைச்சலில் அவர் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று மூன்று தடவை கத்தினாலும் திரும்ப மாட்டார். ஆனால் எங்கோ வயலில் ஒரு பம்புசெட் முனகினால் கேட்டுவிடும்! உடனே ஒரு முழ நீளத் திருப்புளியை, அதுதான் ஸ்க்ரூடிரைவரை, தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நுனியை ஓடுகிற இயந்திரத்தின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எது கெட்டிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுமாம். எட்டாவதோடு நின்ற எனக்கு அதெல்லாம் புரியாதாம். என் மிக்ஸியைக்கூட விட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் நடக்கும்போதே எழுந்து கோயிலுக்குப் பின்னால் போனார். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது என்று இவர் அதை நிறுத்த, மைக்கும் நின்றது. சபை முழுக்க என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அவரை வாசலில் பிடித்துக்கொண்டார்: "ஏன் அந்தோணி, என் பிரசங்கத்துலயும் பேரிங் போயிருந்தா சொல்லிட்டுப் போங்க."

கும்பகோணத்து வரன்

பெண் பார்க்க காரில் வந்தார்கள். ஸ்டெல்லா காபித் தட்டோடு வரும் நேரம், இவரைக் காணோம். வாசலில் கார் பானெட் திறந்து கிடந்தது. டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கழற்றியதைத் திரும்பப் பூட்ட ஒரு சாமான் வேண்டும், அது திருவாரூரில்தான் கிடைக்கும் என்றார் இவர். வந்தவர்கள் பஸ்ஸில் திரும்பினார்கள். படி இறங்கும்போது பையனின் அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பொண்ணு பிடிச்சிருக்கும்மா. உங்க வீட்டுக்காரரைத்தான் தாங்க முடியாது."

அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை.

முத்துப்பேட்டைப் படகு

அடுத்த வரன் ஜெரால்டு. அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்ட அப்பாவும் மகனும் படகு ஓட்டுகிறார்கள். நல்ல குடும்பம். பேசி முடிக்குமுன் எல்லோரும் ஒருதரம் படகில் போய்வரலாம் என்று கூப்பிட்டார்கள். கிளம்பும்போதே திருப்புளியை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு வந்தேன்.

இரு பக்கத்துச் சொந்தமும், குழந்தைகளோடு இருபது பேர் ஏறி உட்கார்ந்தோம். ஜெரால்டு இன்ஜினைப் போட்டார். இவர் மடக்கிய குடைக்குள்ளிருந்து திருப்புளியை உருவினார்! அப்படியே குனிந்து காதை வைத்தவர், நிமிர்ந்து, "எல்லாரும் இறங்குங்க. படகு போகாது" என்றார்.

"பத்து வருஷமா ஓடுது சார்!" பையனின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பேசாம உக்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவே இல்லை. அவள்தான் முதலில் எழுந்து, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஜெரால்டு திருப்புளியை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு இன்ஜினை நிறுத்தி, கியர்பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் உள்ளங்கையில் வடித்தார். எண்ணெய் முழுக்க மினுமினுவென்று இரும்புத் துகள். "பேரிங் போயிடுச்சு. நடுவுல போய் நின்னிருக்கும்ப்பா" என்றார் தன் அப்பாவிடம்.

ஜெரால்டின் அம்மா என் கையைப் பிடித்தார்: "பொண்ணோட சீர்ல அந்தத் திருப்புளியையும் வச்சு அனுப்பிடுங்க சம்பந்தி."

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, சந்தோஷம்தான். ஆனாலும் முப்பது வருஷமாக நான் கத்துவது கேட்காத காதில் ஒரு பேரிங் முனகியது கேட்டிருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.